கொல்லைத் தோட்டத்திற்கு எந்த உரம்? எவ்வளவு?

(கள்ளக்குறிச்சி வட்டார உழவர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கள்ளக்குறிச்சியில் உரத்தைப் பற்றிப் பேச வருகிறவர் கரும்பையும் மரவள்ளியையும் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். நான் பேச விரும்புவது வீட்டுக் கொல்லையிலுள்ள ஒரு சென்ட், இரண்டு சென்ட் காய்கறித் தோட்டத்தைப் பற்றி. வயலுக்கு உரம் இடும்போது மூட்டைக் கணக்கு ஒன்று உண்டு. கொல்லைக்கோ, மிஞ்சிய மூட்டையிலிருந்து கைக்கு வந்ததை அள்ளி வீசுகிறோம். நம் குழந்தைகள் உண்ணும் கீரையும் காயும் அங்கேதான் விளைகின்றன. அங்கேதான் நாம் கணக்குப் பார்ப்பதில்லை.

இத்தவற்றை நானே செய்தவன். ஓராண்டு, வயலுக்கு வாங்கியதில் மிஞ்சிய யூரியாவை வீட்டுக் கத்தரிப் பாத்திக்கு வாரந்தோறும் தூவினேன். செடிகள் இடுப்பளவு வளர்ந்தன. கண்டவர் எல்லாம் பாராட்டினர். ஆனால் பூ குறைந்தது. கொழுத்த தளிரைத் தேடிக் குருத்துப்புழு வந்தது. காய் கைக்கு எட்டவில்லை. "இலையைத்தான் குழம்பு வைக்க வேண்டுமா?" என்று என் மனைவியார் கேட்டார். அன்றுதான் மூட்டையின் மீது அச்சிட்டிருக்கும் எண்களைப் படிக்கத் தொடங்கினேன்.

அவ்வெண்கள் மூன்று. முதலாவது தழைச்சத்து, இரண்டாவது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல் சத்து. 100 கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்து உண்டு. மற்ற இரண்டும் இல்லை. டி.ஏ.பி.யில் தழைச்சத்து 18, மணிச்சத்து 46. சாம்பல் சத்து சிறிதும் இல்லை. சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16தான் என்றாலும், சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் உடன் வருகின்றன. ஆகவே சிறு தோட்டத்திற்கு டி.ஏ.பி.யைக் காட்டிலும் சூப்பரே ஏற்றது என்பது என் கருத்து. மியூரியேட் ஆப் பொட்டாஷில் சாம்பல் சத்து 60.

எதைத் தேர்வது? செடியின் எப்பகுதியை உண்கிறோம் என்று முதலில் பாருங்கள். கீரைக்குத் தழைச்சத்து வேண்டும். கத்தரி, வெண்டை, தக்காளிக்கு மூன்றும் வேண்டும். கிழங்கு வகைகளுக்குச் சாம்பல் சத்து மிகுதியாக வேண்டும். அவரையும் கொத்தவரையும் தம் வேர் முடிச்சுகளால் காற்றிலுள்ள தழைச்சத்தைத் தாமே ஈட்டிக்கொள்வன; அவற்றிற்கு யூரியாவைக் கொட்டுவது வீண் செலவு.

ஆயினும் மூட்டைக்கு முன்னால் எரு. நம் செம்மண் நிலங்களில் மக்கிய பொருள் குறைவு. அது குறைந்த மண்ணில் யூரியா நிற்பதில்லை. நீரோடு கரைந்து வேருக்குக் கீழே இறங்கிவிடுகிறது. சென்ட் ஒன்றுக்கு 100 கிலோ மக்கிய தொழு உரம் வேண்டும். 20 கிலோ கொள்ளும் கூடையானால் 5 கூடை. மாடில்லாத வீட்டாரும் இதைத் தேடிக்கொள்ளலாம். ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் அறிஞர் 1920-களில் இந்தூரில் வகுத்த கம்போஸ்டு முறை, குப்பை, தழை, சாணம் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்து, கிளறிவிடுவதுதான். புங்கந்தழையும் கிளிரிசிடியாவும் நம் வேலியிலேயே இருக்கின்றன. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளின் கழிவுச் சேறும் நல்ல எருவே. மக்க வைத்த பின்னரே இட வேண்டும். புதுக் கோழி எருவின் சூடோ செடியையே கருக்கிவிடும். அடுப்புச் சாம்பலில் சாம்பல் சத்து உண்டு. அதை யூரியாவுடனோ சாணத்துடனோ கலந்தால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். தனியே இடுங்கள்.

இனிக் கத்தரிக்குக் கணக்கு. வீரிய ஒட்டு அல்லாத சாதாரண இரகங்களுக்கு ஹெக்டேருக்கு 50 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து, 30 கிலோ சாம்பல் சத்து அடியுரமாகவும், முப்பதாம் நாள் மேலும் 50 கிலோ தழைச்சத்து மேலுரமாகவும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்துள்ளது. ஹெக்டேர் என்பது 247 சென்ட். வகுத்துப் பார்த்தால், ஒரு சென்டுக்கு அடியுரமாக யூரியா 440 கிராம், சூப்பர் ஒன்றேகால் கிலோ, பொட்டாஷ் 200 கிராம். முப்பதாம் நாள் யூரியா மறுபடியும் 440 கிராம். அவ்வளவுதான்! நான் வாரந்தோறும் வீசியது இதைப்போல் எத்தனை மடங்கு என்று எண்ணவே வெட்கமாக இருக்கிறது. மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை நிறுத்து, அது எந்த டப்பாவில் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேலுரத்தைத் தண்டில் படாமல் ஒரு சாண் தள்ளி, ஈர மண்ணில் இட்டு, மண்ணால் மூடி, நீர் பாய்ச்ச வேண்டும்.

வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் மலையாளி மக்களுக்கு ஒரு தனி வார்த்தை. சரிவு நிலத்தில் தூவிய உரம் உங்களுடையதன்று. அடுத்த மழை அதை மண்ணோடு சேர்த்து ஓடையில் இறக்கி, கோமுகி அணைக்கு அனுப்பிவிடும். செடிக்கு மேற்புறம், அதாவது உச்சிப் பக்கம், பிறை வடிவில் சிறு பள்ளம் பறித்து, அதில் இட்டு மூடுங்கள். ஒரே தடவையாக இடாமல் இரண்டு மூன்றாகப் பிரித்து, பெருமழை ஓய்ந்த நாளில் இடுங்கள். பாத்திகள் சரிவுக்குக் குறுக்கே அமையட்டும். வரிசைக்கு இடையில் சருகு மூடாக்குக் கிடக்கட்டும். இதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. மழைநீர் எவ்வழி ஓடும் என்பதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடுகளில் சேரும் மக்கும் குப்பையில் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் பழைய பேட்டரியும் கலந்துவிட்டால் அதில் செய்யும் உரம் கொல்லைக்கு உதவாது. பிரித்து வாங்குவதில் கண்டிப்பு வேண்டும். உரம் ஆனபின், அதை மாடில்லாத வீடுகளுக்கு முதலில் கொடுங்கள்.

மண்வள அட்டைத் திட்டம் 2015-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. உங்களில் பலரிடம் வயலுக்கான அட்டை இருக்கும். கொல்லை மண் வேறு, அதற்குத் தனி மாதிரி எடுக்க வேண்டும். எருக்குழி ஓரம், மரநிழல், வரப்பு ஆகிய இடங்களை விலக்கி, எட்டுப் பத்து இடங்களில் மேற்குப்பையை ஒதுக்கி, 15 சென்டிமீட்டர் ஆழத்திற்கு 'வி' வடிவில் வெட்டி, ஓரத்து மண்ணைச் சீராகச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் துணியில் கொட்டிக் கலந்து, நான்கு பாகமாக்கி, எதிரெதிர் இரண்டைத் தள்ளி, அரைக் கிலோ மிஞ்சும்வரை இவ்வாறே செய்யுங்கள். நிழலில் உலர்த்துங்கள். உரச் சாக்கில் கட்ட வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் உரமே முடிவைப் பொய்யாக்கிவிடும். துணிப் பையில் இட்டு, பெயர், ஊர், சர்வே எண், முன்பு பயிரிட்டது, இனிப் பயிரிடப் போவது ஆகியவற்றை எழுதி, அட்டை வந்ததும் 'அங்ககக் கரிமம்' என்ற வரியை முதலில் பாருங்கள். அது 0.5 சதவீதத்திற்குக் கீழே இருந்தால், உரக்கடைக்குப் போகுமுன் எருக்குழிக்குப் போங்கள்.