மிகுதியும் தேவையும்: கரு பதிதலில் கருப்பைப் புரதங்களின் இடம்

  யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அவர் வகுப்பில் முன்னுரையை நீட்டியதில்லை. நானும் பொருளுக்கு வந்துவிடுகிறேன்.

1. வழக்கு

ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் முறை வைத்துக் கருப்பையின் உட்படலத்தைப் பக்குவப்படுத்துகின்றன. பக்குவம் நிற்கும் குறுகிய காலத்துக்குள் வந்து சேரும் கருவே அங்கே பதிகிறது. அந்நாள்களில் கருப்பை நீரில் சில புரதங்கள் பெருகுகின்றன. இதுவரை நமக்குள் பிணக்கு இல்லை. அப்படிப் பெருகும் புரதத்தால்தான் கரு பதிகிறது என்று எழுதலாமா என்பதுதான் வழக்கு. எழுதலாம் என்பார்கள் என் சக ஆசிரியர்கள் சிலர். கூடாது என்று ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வுகளில் முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். அங்கே கிடைப்பது ஐந்து நிமிடம். இன்றுதான் முழுவதும் சொல்ல வாய்த்திருக்கிறது.

2. முயலின் சாட்சியம்

முயலை எடுத்துக்கொள்கிறேன். இணைசேர்ந்த பிறகுதான் முயலுக்குக் கருமுட்டை வெளிப்படும். அதற்கும் ஏறத்தாழப் பத்து மணி நேரமே ஆகும். ஆகவே நாள்கணக்கு பிசகாது. 1929இல் ஜார்ஜ் கார்னரும் வில்லார்டு ஆலனும் சூலகத்தில் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும் கார்பஸ் லூட்டியத்தின் சாற்றைச் சூலகம் நீக்கிய முயலுக்குச் செலுத்தி, உட்படலம் சினைக்குரிய கோலம் கொள்வதைக் காட்டினார்கள். புரோஜெஸ்டிரோனைப் பிரித்தெடுக்க வழி திறந்தது அந்தச் சோதனைதான்.

அதே முயலின் கருப்பை நீரிலிருந்து 1967இல் கிருஷ்ணனும் டேனியலும் ஒரு சிறு புரதத்தைக் கண்டறிந்தனர். கருக்கோளத்தின் (பிளாஸ்டோசிஸ்ட்) வளர்ச்சியை அது தூண்டுகிறது என்று கருதி ‘பிளாஸ்டோகைனின்’ என்று பெயரிட்டனர். மறு ஆண்டே ஹென்னிங் பையர் அதே புரதத்தை ‘யூட்டிரோகுளோபின்’ என்றார். முதல் பெயர் அது செய்யும் வேலையைச் சொல்கிறது. இரண்டாவது அது கிடைத்த இடத்தைச் சொல்கிறது. நம் வழக்கு முழுவதும் இந்த இரு பெயர்களுக்கு நடுவில் இருக்கிறது.

வேலையைச் சொன்ன பெயருக்கு ஆதாரம் என்ன? இணைசேர்ந்த மூன்றாம் நாள் வாக்கில் அப்புரதம் தலைகாட்டுகிறது. ஐந்தாம் நாளில் கருப்பை நீரின் மொத்தப் புரதத்தில் பாதியை ஒட்டி நிற்கிறது. ஏழாம் நாள் கரு பதியத் தொடங்குகிறது. அதன்பின் அப்புரதம் வற்றுகிறது. இவ்வளவு அழகாகப் பொருந்தும் காலவரிசையைக் கண்டால் காரணத்தையே கண்டுவிட்டதாக மனம் நம்பிவிடும். நானும் மாணவப் பருவத்தில் அப்படியே நம்பினேன். என் நம்பிக்கையை மாற்றிய சாட்சிகள் மூன்று.

முதலாவது பொய்ச்சினை. மலட்டு ஆணோடு சேர்ந்த முயலின் கருப்பையில் கருவே இல்லை. ஆனாலும் யூட்டிரோகுளோபின் அதே நாள்களில், அதேபோல் ஏறி இறங்குகிறது. கருப்பை கருவைக் கேட்டு இப்புரதத்தைச் சுரக்கவில்லை. புரோஜெஸ்டிரோனின் சொல்லைக் கேட்டுச் சுரக்கிறது.

இரண்டாவது நுரையீரல். அங்கும் இதே புரதம், இதே மரபணுவிலிருந்து உருவாகிறது. ஆண் முயலிலும் உருவாகிறது. கருப்பையில் புரோஜெஸ்டிரோன் நடத்தும் அந்த மரபணுவை நுரையீரலில் குளூக்கோகார்ட்டிகாய்டு ஹார்மோன்கள் ஊக்குகின்றன. கருவுக்கென்றே அமைந்த புரதத்துக்கு மூச்சுக்குழலில் என்ன வேலை?

மூன்றாவது மரபணு நீக்கம். 1990களில் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் இம்மரபணு அற்ற சுண்டெலிகளை உருவாக்கின. அவற்றுள் பெண் சுண்டெலிகளுக்குக் குட்டி பிறந்தது; அதாவது அப்புரதம் இல்லாமலும் கரு பதிந்தது.

சுண்டெலி வேறு, முயல் வேறு என்று நண்பர்கள் மறுக்கிறார்கள். நியாயமான மறுப்பு, இதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அதன் பயன் இவ்வளவுதான்: முயலில் வழக்கு தீராமல் நிற்கிறது. தீராத வழக்கில் பாடநூல் தீர்ப்பு எழுதலாமா?

யூட்டிரோகுளோபினை நான் சிறுமைப்படுத்தவில்லை. எழுபது அமினோ அமிலங்கள் கொண்ட இரு சங்கிலிகள் இரண்டு கந்தகப் பாலங்களால் எதிரெதிராகப் பிணைந்து, நடுவே புரோஜெஸ்டிரோன் அமரும் ஒரு குழியை அமைத்திருக்கின்றன. அழற்சியைத் தணிக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. தாயின் உடல் கருவை அயலாகக் கருதித் தாக்காதிருக்க அது துணைபுரியலாம். ‘துணைபுரியலாம்’ என்று எழுதுங்கள். ‘தூண்டுகிறது’ என்று எழுதாதீர்கள்.

3. எதிர்ச்சான்று

ஒரு புரதம் தேவை என்பதை எப்படிக் காட்டுவது? 1992இல் காலின் ஸ்டூவர்ட் குழுவினர் ‘லிஃப்’ என்னும் புரதத்தின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளைக் கொண்டு காட்டினார்கள். சினையின் நான்காம் நாள் ஈஸ்ட்ரோஜனின் தூண்டலால் கருப்பைச் சுரப்பிகளில் தோன்றும் புரதம் அது. அது இல்லாத பெண் சுண்டெலிகளில் கருக்கோளம் உருவானது, பதியவில்லை. அக்கருக்களையே இயல்பான சுண்டெலிக்கு மாற்றியபோது பதிந்து வளர்ந்தன. ஆக, குறை கருவில் இல்லை, கருப்பையில் இருந்தது. யூட்டிரோகுளோபின்போல் நீரெல்லாம் நிறையும் புரதமல்ல லிஃப். ஆனாலும் அதில்லாமல் நடக்கவில்லை. மிகுதி வேறு, தேவை வேறு.

4. பிற விலங்குகள்

பன்றியில் புரோஜெஸ்டிரோனால் பெருகும் யூட்டிரோஃபெரின் என்னும் புரதம் இரும்பைக் கருவுக்குக் கொண்டு சேர்க்கிறது. அதன் வேலை தெரிகிறது; பதிதலுக்கு அது தேவை என்பது அதனால் மட்டும் நிறுவப்படாது. பிறந்தது முதல் புரோஜெஸ்டின் (புரோஜெஸ்டிரோனை ஒத்த மருந்து) கொடுத்துக் கருப்பைச் சுரப்பிகள் வளராதபடி செய்த செம்மறிகளுக்குச் சினை நிற்பதில்லை. சுரப்பு மொத்தமாகத் தேவை என்பதற்கு இது சான்று, எந்தத் தனிப் புரதத்துக்கும் அல்ல. ஹார்மோன் தேவையும் விலங்குக்கு விலங்கு மாறும்: பதிதலுக்குச் சற்று முன் சுண்டெலிக்கு வேண்டிய சூலக ஈஸ்ட்ரோஜன் ரீசஸ் குரங்குக்கு வேண்டியதில்லை என்று புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவன ஆய்வு காட்டியது. ஒரு விலங்கின் விதியை மற்றொன்றின்மேல் ஏற்றக் கூடாது.

5. இனிச் செய்ய வேண்டியவை

நேரம் கடந்துவிட்டது, சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். மரபணுத் திருத்தம் கைக்கு வந்துவிட்ட இந்நாளில் முயலிலேயே யூட்டிரோகுளோபினை நீக்கிப் பார்க்கலாம். மனிதக் கருப்பை சுரக்கும் கிளைகோடெலின் என்னும் புரதத்தை, ஆய்வகத்தில் வளர்க்கும் உட்படல ஆர்கனாய்டுகளில் (சிறு திசு மாதிரிகளில்) ஒடுக்கிப் பார்க்கலாம். ஒரு புரதத்தின் வேலையை மற்றொன்று ஏற்கிறதா என்று இரண்டிரண்டாக நீக்கிப் பார்க்கலாம். 

எந்தப் புரதத்தை எடுத்தாலும், ‘இது இல்லாமல் என்ன ஆகிறது?’ என்று கேட்டபின் பெயரிடுங்கள்.