மூச்சில் நிலைபெறும் மனம்



உடல் நோயுற்றால் மருத்துவரை நாடி ஓடும் குடும்பம், மனம் நோயுற்றால் கதவைச் சாத்திக்கொள்கின்றது. பேராக் மாநிலத்தில் 1911-ஆம் ஆண்டு தோன்றிய மனநல மருத்துவமனை இன்று 'பகாகியா' எனும் பெயர் தாங்கி நிற்கின்றது. மலாய் மொழியில் அதற்கு 'மகிழ்ச்சி' என்பது பொருள். ஆயினும், அருகிலுள்ள தஞ்சோங் ரம்புத்தான் எனும் ஊர்ப்பெயரையே ஏளனச் சொல்லாக்கிவிட்டது சமுதாயம். அந்த ஏளனத்திற்கு அஞ்சியே பலர் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றனர்.

மருத்துவமனையில் நோயாளியின் அருகில் நெடுநேரம் இருப்பவர் தாதியரே. அவர்களுக்கு இன்று துணைபுரியும் முறைகளுள் ஒன்று, மைண்ட்ஃபுல்னஸ் எனப்படும் விழிப்புநிலைப் பயிற்சியாகும். இக்கணத்தில் நிகழ்வதைக் குறைகூறாது கவனித்தலே அதன் சாரம். பௌத்தத் தியான மரபில் வேர்கொண்ட இதனை, 1979-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபாட்-ஸின் மருத்துவப் பயிற்சியாக வகுத்தார். பின்னர் அது மனச்சோர்வு மீண்டும் தாக்காமல் தடுக்கும் எட்டு வாரப் பயிற்சியாக விரிவுற்றது. மும்முறை அல்லது அதற்கு மேல் அந்நோய்க்கு ஆளானோருக்கு அதனை 2004-இல் பிரிட்டனின் நைஸ் நிறுவனம் பரிந்துரைத்தது.

பதற்றமுற்ற நோயாளியிடம், "பாதம் தரையில் பதிவதை உணருங்கள், மூச்சு வந்து போவதைக் கவனியுங்கள்" என்கிறார் தாதி. 'நான் எதற்கும் உதவாதவன்' என்பது மனத்தில் தோன்றி மறையும் எண்ணமேயன்றி, உண்மையன்று என்பதை நோயாளி மெல்ல உணர்கிறார். கடுஞ்சொல் கேட்க நேரும் தாதியும், மறுமொழிக்கு முன் தம் மூச்சைக் கவனிப்பாராயின், சினம் தணிந்து செவிமடுக்க இயலும்.

எனினும், இஃது எல்லார்க்கும் பொருந்தும் மருந்தன்று. மாயக்குரல் கேட்போரையும், கொடுந்துயரால் காயமுற்றோரையும் நெடுநேரம் கண்மூடி அமரச் செய்தல் கலக்கத்தை மிகுவிக்கக்கூடும். அத்தகையோருக்குப் பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில், கண்திறந்த நிலையில், சிறிது நேரப் பயிற்சியே தகும். மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்துதலும் கூடாது.

மெய்யன்பர்களே! திருநீறும் பிரார்த்தனையும் மனத்திற்கு உறுதி தருவன. ஆனால், "மாத்திரை வேண்டாம், சாமி பார்த்துக்கொள்வார்" என்னும் சொல் எவர் வாயிலும் வரலாகாது. சந்நிதிக்கு அழைத்து வரும் அதே அன்போடு மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லுங்கள். தேறி வருவோரைத் திருவிழாவிலும் அன்னதானத்திலும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். அதுவே இறைவன் உவக்கும் தொண்டு.

எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் மனநலம் அருள்வானாக.