நம்ம ஆற்றங்கரை மனிதர்கள்



இரும்பில்லாமல் மலையில் படிப்படியாகக் கழனி அமைத்த பெரு நாட்டு இன்கா மக்களைப் பற்றி எழுதி மார்க் வாங்கியவன் நான். அவர்கள் காலம் 500 வருஷம் முந்தியது.

இதோ, பக்கத்து எண்ணூரில் கடல் சேரும் கொசஸ்தலையாற்றை நான் கண்டுகொண்டதில்லை! இதே ஆற்றுப் படுகையில், அத்திரம்பாக்கத்தில், சுமார் 15 லட்சம் வருஷம் முன்பே நம் முன்னோர் கூழாங்கல்லை உடைத்துக் கைக்கோடரி செய்தார்கள். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். 2011-ல் சாந்தி பப்பு குழுவினர் அவற்றின் வயதைச் சொன்னார்கள்.

அந்த ஆறு கடலைத் தொடும் கழியில் இன்று அனல்மின் சாம்பல் படிந்திருக்கு. அவங்க கல்லை விட்டுப் போனாங்க, நாம சாம்பலையா?

மாணவர்களே, ஒருநாள் பூண்டி அருங்காட்சியகம் போய் அந்தக் கற்களைப் பாருங்க. திரும்பும்போது எண்ணூர்க் கழியையும் பாருங்க.