அறுக்கிற மிஷினும் அளக்கிற மிஷினும்

(வட்டாட்சியர் அலுவலகம் முன்பு நடந்த காத்திருப்புப் போராட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியது)



நவீன விவசாயம் செய், நவீன விவசாயம் செய் என்று நமக்குச் சொல்லாத அதிகாரி கிடையாது. நாம என்ன செய்யமாட்டேன்னா சொன்னோம்? ஒற்றை நாற்று வந்தது. ஏக்கருக்கு 30 கிலோ விதை விட்ட கை 3 கிலோ விட்டது. 14 நாள் நாற்றைப் பிடுங்கி, கயிறு பிடிச்சு 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில நட்டோம். கோனோவீடரை நம்ம களிமண்ணுல தள்ளிப் பார்த்தவனுக்குத்தான் நெஞ்சு வலி தெரியும், அதையும் தள்ளினோம். பாய் நாற்றங்கால் போட்டு நடவு மிஷினையும் இறக்கினோம். புதுசுக்கு நாம எதிரி இல்லை. அந்தப் பேச்சை இத்தோட விட்டுடுவோம். இன்னைக்கு இங்கே உட்கார்ந்திருக்கிறது அறுவடை மிஷினுக்காக.

சம்பா, தாளடி அறுப்பு தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை எல்லாத்துக்கும் ஒரே சமயத்துல வருது. மிஷினோ சேலம், ஆத்தூர், பெரம்பலூர் பக்கமிருந்து லாரியில ஏறி வரணும். வண்டி வந்து நிற்கிறதுக்கு முன்னாடியே ஊர்ல ஒரு புரோக்கர் முளைச்சிடறார். வானம் தெளிவா இருந்தா ஒரு ரேட், மேகம் கறுத்தா வேற ரேட்.

வேளாண்மைப் பொறியியல் துறை மிஷினுக்கு 2023-ல் மணிக்கு டயர் வண்டி 1,160 ரூபாய், பெல்ட் வண்டி 1,880 ரூபாய் என்று வாடகை இருந்தது. நல்ல ரேட்டுதான், நாங்க குறை சொல்லலை. ஆனா அந்த வண்டி எத்தனை பேர் வயலுக்கு வந்தது? கையைத் தூக்குங்க பார்ப்போம். பதிவு செய்து வச்சுட்டு, முறை வர்றதுக்குள்ள கதிர் கொட்டிப்போகும். அதனால தனியார் வண்டிக்குத்தான் ஓடுறோம்.

போன சம்பாவுல எங்க தெருவுல நடந்ததைச் சொல்றோம். நிமிர்ந்து நிற்கிற பயிரை பெல்ட் வண்டி ஏக்கருக்கு ஒரு மணி, ஒன்னேகால் மணியில முடிச்சிடும். மழையில சாய்ஞ்ச பயிருக்கு இரண்டரை மணி ஆச்சு. மணிக்கு 3,000 கேட்டாங்க, கொடுத்தோம். ஏக்கருக்கு 7,500 ரூபாய்! யாருக்கு மகசூல் பாழாச்சோ அவனுக்குத்தான் வாடகை ரெட்டிப்பு. இதுல வண்டி வரப்பு மாறின நேரம், நெல்லை டிராக்டர்ல கொட்டின நேரம், பெல்ட்டுல சேறு அடைச்சு நின்ன நேரம் எல்லாம் நம்ம கணக்குலதான். மூலையில நின்ன பயிரை அரிவாள் எடுத்து நாமதான் அறுத்தோம், அது தனி.

வண்டியில மணி காட்டுற மீட்டர் இருக்கு தோழர்களே. இறங்கும்போது ஒரு எண், ஏறும்போது ஒரு எண், ரெண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு ரசீது கொடுக்கச் சொல்றோம். பழுதாகி நின்ன நேரம் கழியணும். இது பெரிய கோரிக்கையா?

இதைவிடப் பெரிய வேதனை இனிமேதான். முன்னெல்லாம் ஆள் வச்சு அறுத்தப்போ அரி வயல்லயே கிடந்து காயும். அப்புறம் கட்டு கட்டி, களத்துக்குச் சுமந்து, தலையடி அடிச்சு, தூத்தி எடுக்கறதுக்குள்ள நெல்லு தானா காய்ஞ்சிடும். மிஷின் அப்படி இல்லை. அறுத்த நிமிஷமே அடிச்சுக் கொட்டிடும். பனியோட அறுத்தா ஈரமும் பச்சைத் தூசியும் சேர்ந்துதான் மூட்டைக்கு வரும். அந்த நெல்லைக் கொண்டுபோனா, கொள்முதல் நிலையத்துல ஒரு சின்ன மிஷினை வச்சு அளந்து, 17 சதத்துக்கு மேல ஈரம், திருப்பிக் கொண்டுபோ என்கிறாங்க. ஒரு மிஷினால அறுக்கச் சொல்லிட்டு இன்னொரு மிஷினால திருப்பி அனுப்பினா நாம எங்கே போறது? ரோட்டுல கொட்டிக் கால்ல கிளறிக்கிட்டு நிற்கிறோம். பஸ்காரன் திட்டிட்டுப் போறான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை.

21 சத ஈரம் 17-க்கு இறங்கினா 100 கிலோவுல கிட்டத்தட்ட 5 கிலோ எடை குறையும். அது தண்ணி, அதுக்கு விலை கேட்கலை. ஆனா காயவைக்கிற கூலி, தார்ப்பாய் வாடகை, திரும்ப மழை வந்து முளைச்சுப்போற மூட்டை, இதெல்லாம் யார் தலையில? 2022-லயும் 2023-லயும் மழைக்குப் பிறகு மத்திய அரசு ஈரப்பத அளவைக் கொஞ்சம் தளர்த்தினது உண்மை. குழு வந்து, மாதிரி எடுத்து, டெல்லிக்குப் போய் உத்தரவு வர்றதுக்குள்ள பாதிப்பேர் வியாபாரிக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்து முடிச்சிருப்பாங்க. நெல் உலர்த்துற மிஷினைக் கொள்முதல் நிலையத்துலயே நிறுத்துங்க என்கிறோம். அறுக்க மிஷின் இருக்குன்னா உலர்த்தவும் மிஷின் இருக்கத்தானே செய்யுது!

மானியம் கொடுக்கிறோமே என்பாங்க. 2014-15-ல் தொடங்கின இயந்திரமயமாக்கல் திட்டத்துல சிறு, குறு விவசாயிக்கு 50 சதம் மானியம்னு வச்சாங்க. அறுவடை வண்டி விலை எத்தனை லட்சம்? மீதிப் பாதிக்கு ஒரு ஏக்கர்காரன் தன் நிலத்தை வித்தாலும் பத்தாது. வண்டி நமக்கு வேண்டாம், நம்ம ஊர் கூட்டுறவு சங்கத்துக்கு வாங்கிக் கொடுங்க. நடவு முடிஞ்ச உடனேயே ஊர்வாரியா முறை எழுதி வைக்கட்டும்.

இன்னொன்னு, ஆள் கிடைக்கலை, கூலி கூடிப்போச்சு, அதனாலதான் மிஷின்னு நம்மில் சிலரே பேசறாங்க. வேண்டாம். இந்த வண்டியால அறுப்புக் கூலி நெல்லை இழந்தது அந்தத் தாய்மார்கள்தான். அவங்களும் நம்மோட இங்கே உட்கார்ந்திருக்காங்க, பாருங்க.

தாசில்தார் வந்து மனுவை வாங்கற வரைக்கும் எழுந்திருக்கிறதா இல்லை. அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு எல்லாரும் வரணும். வண்டிக்கு எத்தனை மணி, என்ன ரேட்டு கொடுத்தீங்க, எத்தனை மூட்டை திரும்பி வந்தது, அத்தனையும் ஒரு தாளில் எழுதி, சிட்டா நகலோட கொண்டுவாங்க. எழுதத் தெரியாதவங்க சங்க ஆபீசுக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல வாங்க, நாங்க எழுதித் தர்றோம்.