முக்கோணமாகிப்போன சுருள்



நம் கரிசல் காட்டில் கிணற்று மோட்டார் கருகாத கோடை ஏது? அப்படிக் கருகியதைச் சுற்றித்தரும் வைண்டிங் கடைக்காரர் ஒருவரின் மகன் என் பிளஸ் டூ வகுப்பில் படித்தான். கடையில் மிஞ்சிய அரை மில்லிமீட்டர் இனாமல் கம்பியை 1 சென்டிமீட்டர் விட்டத்தில் ஐந்து சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்தான். "சார், வைஃபை அதிர்வெண்ல இது என்ன செய்யும்?" என்று கேட்டான்.

அளக்கக் கருவி இல்லை. என் மடிக்கணினியில் நெக்-2 இருந்தது. ஆண்டெனாக்களுக்காக அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் 1981-இல் வெளியிட்ட கணக்கீட்டு நிரல் அது. கம்பியைச் சிறு நேர்த்துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஓடும் மின்னோட்டத்தைக் கணக்கிடும். அவனையே செய்யச் சொன்னேன்.

"சார், அதிர்வெண்ணைக் கூட்டிக்கிட்டே போனா, ஒரு இடத்துக்கு மேல சுருள் மின்தேக்கி மாதிரி காட்டுது."

மின்தூண்டியின் மறுப்பு அதிர்வெண்ணோடு ஏறும் என்றுதானே நாம் பாடம் நடத்துகிறோம். "தப்பா அடிச்சிருப்ப, அழி" என்றேன். அழித்துவிட்டான்.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அலைநீளம் 6000 கிலோமீட்டர். அவன் அப்பா எவ்வளவு கம்பி சுற்றினாலும் அதற்கு முன் புள்ளிதான். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளமோ 12.5 சென்டிமீட்டர். இவன் சுருளின் கம்பி 15.7 சென்டிமீட்டர்! கம்பியின் ஒரு பகுதியில் மின்னோட்டம் முன்னே ஓடும்போது இன்னொரு பகுதியில் பின்னே ஓடும். அடுத்தடுத்த சுற்றுகளோ ஒன்றுக்கொன்று மின்தேக்கித் தகடுகள் போல நிற்கின்றன. பையன் சொன்னது நடக்கக்கூடியதுதான்.

மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னும் அதைச் சொல்லி, மறுபடி செய்யவைத்தேன். அப்போதுதான் என் அடுத்த தவறு தெரிந்தது. அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்காக நறுக்கினால் போதும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். நேர்க்கம்பிக்கு அது சரி. இங்கே ஒரு துண்டு 1.25 சென்டிமீட்டர், ஒரு சுற்றோ 3.14. சுற்றுக்கு மூன்றே துண்டு. அவன் வரைந்த வட்டத்தைக் கணினி முக்கோணமாகவே பார்த்திருக்கிறது!

பத்துத் துண்டாக்கினோம், பிறகு இருபதாக்கினோம். எண்கள் இடம் மாறி, மெல்ல நிலைத்தன. இஷ்டத்துக்கு நறுக்கவும் முடியாது. துண்டின் நீளம் கம்பியின் கனத்தை நெருங்கினால், மெல்லிய கம்பிக்கென்று எழுதிய இந்தக் கணக்கு பிசகும். மின்தேக்கிக் குணம் மட்டும் போகவே இல்லை.

இப்போது 4 சென்டிமீட்டர் குழாயில் சுற்றுகிறான். ஒரு சுற்றே ஏறத்தாழ ஓர் அலைநீளம். சுருள் தன் அச்சின் வழியே அலையை வீச வேண்டும்; ஓஹியோவில் ஜான் கிராஸ் 1946-இல் கண்டது அது. இந்த முறை சுற்றுக்கு எத்தனை துண்டு என்று அவன் என்னைக் கேட்கவில்லை.