தூக்க மாத்திரையை நிறுத்தும் முறை

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



குடிநீரைப் பற்றியும், சாலைகளைப் பற்றியும், வீட்டுவரி வசூலைப் பற்றியும் காலையில் போதிய அளவு பேசிவிட்டோம். பிற்பகலில் எனக்கு அளிக்கப்பட்ட பொருள் சுகாதாரம். கொசுவையும் கழிவுநீரையும் பற்றி நான் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றைச் சுகாதார ஆய்வாளர் என்னைவிட நன்றாக எடுத்துரைப்பார். நம் ஊர்களில் பலர் பிறர் அறியாமல் இரவில் விழுங்கும் மாத்திரையைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன்.

தூக்க மாத்திரை என்று நாம் பொதுவாகக் கூறுவனவற்றுள் இரு வகை உண்டு. அல்பிரசோலம், குளோனசிபாம், டயசிபாம் முதலியவை ஒரு வகை. மற்றொரு வகை, மனச்சோர்வுக்கென்று உண்டாக்கப்பட்டு, உறக்கம் தரும் தன்மையினால் உறக்கமின்மைக்கும் கொடுக்கப்படுபவை. அமிட்ரிப்டிலின், மிர்டசபின் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. அமிட்ரிப்டிலின் 1961 முதல் வழக்கில் இருந்துவரும் பழைய மருந்து. நரம்பு வலிக்கும், ஒற்றைத் தலைவலி வாராமல் தடுப்பதற்கும்கூட இதைச் சிறிய அளவில் கொடுப்பதுண்டு. ஆகையால் ஒருவர் கையில் இம்மாத்திரையைக் கண்டவுடன் அவருக்கு இன்ன நோய் என்று முடிவு கட்டுதல் தவறு. மருந்தைக் குறை கூறவும் நான் இங்கு வரவில்லை. அதை நிறுத்தும் முறையை அறியாமல் நானே ஒருமுறை அல்லற்பட்டேன். சொந்தக் கதையை மேடையில் சொல்லுதல் அலுவலக மரபுக்கு ஒத்ததன்று. எனினும் இதைச் சொல்லாவிட்டால் நான் சொல்லும் மற்றவற்றுக்கு மதிப்பில்லை.

2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது நான் டெல்டாப் பகுதியில் ஓர் ஒன்றியத்தில் பணியாற்றி வந்தேன். முப்பது, நாற்பது ஆண்டுகள் பிள்ளையைப்போல வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்து கிடந்ததை உங்களுள் சிலர் நேரில் கண்டிருக்கலாம். சேதக் கணக்கு எடுக்கச் சென்ற இடங்களில் தோப்புக்காரர்கள் அழவில்லை. விழுந்த மரத்தின்மேல் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். இரவில் கண்ணை மூடினால் அந்தக் காட்சியே வந்தது. நான்கு மாதம் நான் சரியாக உறங்கவில்லை. 2019 மார்ச்சில் மருத்துவர் ஒருவர் அமிட்ரிப்டிலின் கொடுத்தார். முதலில் 10 மில்லிகிராம், பிறகு 25. உறக்கம் வந்தது. உடன் வாய் வறட்சியும், மலச்சிக்கலும், காலையில் தலைக்கனமும் வந்தன. படுக்கும்போது உண்ணாமல் இரண்டு மணி நேரம் முன்னதாக உண்ணும்படி மருத்துவர் சொன்ன பிறகு தலைக்கனம் குறைந்தது.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு கூட்டத்தில் கைக்குட்டையை எடுக்கும்போது சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டை கீழே விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்தவர் பெயரைப் படித்துப் பார்த்து, “இது புத்தி பேதலித்தவர்களுக்குக் கொடுப்பதல்லவா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் மனத்தில் தீங்கு இல்லை. ஆயினும் அன்றிரவே மீதி மாத்திரைகளைக் குப்பையில் எறிந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் வியர்வையும் குமட்டலும் தொடங்கின. மூன்றாம் இரவு ஒரு கண்ணும் மூடவில்லை. சற்று அயர்ந்தாலும், விழித்த பிறகும் மெய்யெனத் தோன்றும் கனவுகள் வந்தன. ஐந்தாம் நாள், கோப்பைக் கொண்டுவந்த எழுத்தர் ஒருவரைக் காரணமின்றிக் கடிந்துகொண்டேன். அன்று நான் சொன்ன சொற்கள் இன்றும் எனக்கு வெட்கம் தருகின்றன. ஆறாம் நாள் வாய்க்கால் கரையில் மோட்டார் சைக்கிளில் சென்றபோது தலை சுற்றி வண்டியோடு சரிந்தேன். மேட்டூர் அணை மூடிய காலமாகையால் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. முழங்கை தேய்ந்ததோடு தப்பினேன். பழைய நோய் திரும்பிவிட்டது என்று ஒரு நாளும், மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேன் என்று மறுநாளும் எண்ணினேன். இரண்டும் தவறு.

என் மனைவிதான் அலமாரியில் கிடந்த பழைய அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு என்னை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் பழைய அளவையே மீண்டும் கொடுத்தார். சில நாட்களில் தொல்லைகள் அடங்கின. பின்னர் 20, 15, 10, 5 என்று, ஒவ்வொரு படியிலும் சில வாரங்கள் நிறுத்தி, ஏறத்தாழ ஐந்து மாதத்தில் இறக்கிவிட்டார். இந்த அளவும் காலமும் எனக்காக வகுத்தவை. இதைக் குறித்துக்கொண்டு போய் எவரும் வீட்டில் பின்பற்றவேண்டாம்.

இத்தொல்லை ஏன் வருகிறது? நாள்தோறும் வரும் மருந்துக்கு ஏற்ப மூளை தன்னை அமைத்துக்கொள்ளுகிறது. மருந்து ஒரே நாளில் நின்றால், அந்த ஏற்பாடு மட்டும் தனியே நின்று துன்புறுத்துகிறது. ஏரி நிறைந்திருக்கும்போது மதகின் பலகையைச் சிறிது சிறிதாகத் தூக்குகிறோம். கரையை வெட்டிவிடுவதில்லை அல்லவா? இதுவும் அத்தகையதே. மேலும், கடைசிப் படிகளே கடினமானவை. மனச்சோர்வு மருந்துகளுள் ஒரு பெரும்பிரிவை ஆராய்ந்து, மார்க் ஹொரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்னும் இருவர் 2019-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் இதை விளக்கினார்கள். சிறிய அளவு மருந்தும் மூளையில் பெரிய பங்கு வேலை செய்வதால், அளவு குறையக் குறைய இறங்கும் படியும் சிறிதாக வேண்டும் என்பது அவர்கள் கருத்து. இங்கிலாந்தின் மனநல மருத்துவர் கழகம் 2020-இல் பொதுமக்களுக்கு வெளியிட்ட அறிவுரையும் படிப்படியாகக் குறைக்கவே சொல்லுகிறது.

நோய் திரும்புவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. நிறுத்திய சில நாட்களுக்குள் தலைசுற்றல், குமட்டல், வியர்வை, தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற உணர்ச்சி ஆகியவை தோன்றி, மருந்தை மீண்டும் உண்டவுடன் விரைவில் அடங்குமானால், அது பெரும்பாலும் நிறுத்தியதன் விளைவே. பழைய நோயோ பொதுவாக வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். இரண்டையும் பிரித்தறிவது மருத்துவர் வேலை. ஆனால் எந்த நாளில் நிறுத்தினீர்கள், எந்த நாளில் என்ன நேர்ந்தது என்று ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு போனால் அவருக்கு வழி எளிதாகும். சிலருக்கு ஒரு தொல்லையும் இராது; சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். நான் முதலிற் சொன்ன அல்பிரசோலம் வகையைப் பல வாரங்கள் உண்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரக்கூடும். அதில் விளையாட்டு வேண்டாம்.

உழவர்களுக்குச் சில வார்த்தைகள். அமிட்ரிப்டிலின் வியர்வையைக் குறைக்கவல்லது. சித்திரை வெயிலில் களத்தில் நிற்பவர் இதை மனத்தில் வைக்கவேண்டும். படுக்கையிலிருந்து சடக்கென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். இரவில் மோட்டார் போட எழுபவர் சற்று உட்கார்ந்து பின் எழுவது நல்லது. கிணற்றங்கரையில் விழுந்தால் தூக்கிவிட ஆள் இராது. புதிதாகத் தொடங்கும் வாரத்திலும், அளவை மாற்றும் வாரத்திலும் டிராக்டரைப் பிறரிடம் விடுங்கள். வயதான ஆண்களுக்குச் சிறுநீர் தடைப்படக்கூடும், வெட்கப்படாமல் சொல்லவேண்டும். மதுவோடு இம்மாத்திரை சேர்தல் கூடாது. அளவுக்கு மிஞ்சினால் இதயத்தைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி பூட்டி வையுங்கள். மருத்துவர் சீட்டின்றிக் கடையில் கேட்டு வாங்கும் வழக்கத்தைப் பற்றி நான் நீட்டிக் கூறவேண்டியதில்லை. அப்படி விற்பது சட்டத்துக்கு மாறு. வாங்கியவருக்கு நிறுத்தும் வழி சொல்ல ஆளும் இல்லை.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதற்கெனத் தீர்மானம் நிறைவேற்றவேண்டியதில்லை, நிதியும் வேண்டியதில்லை. என் சட்டைப் பையிலிருந்து அட்டை விழுந்த அன்று, அதை மடித்து என் கையில் கொடுத்து ஒன்றும் கேளாமல் இருந்திருந்தால் நான் வாய்க்காலில் விழுந்திருக்கமாட்டேன். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார் என்பதையும், 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் ஆலோசனை பெறலாம் என்பதையும் உங்கள் ஊரில் தெரிவியுங்கள். 104-ஆம் எண்ணிலும் கேட்கலாம்.

இப்போது நான் மாத்திரை உண்பதில்லை. மழைக்காலத்தில் காற்று பலமாக வீசும் இரவுகளில் இன்றும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து திண்ணையில் சிறிது நேரம் உட்காருகிறேன். மீண்டும் படுத்தால் சில நாள் உறக்கம் வருகிறது, சில நாள் வருவதில்லை.

வட்டார மருத்துவ அலுவலர் மாலை 4 மணிவரை பின்கட்டு அறையில் தனியே இருப்பார். மாத்திரை அட்டையைக் கொண்டுவந்தவர்கள் அவரைப் பார்க்கலாம். பெயர் எழுதிக் கொள்ளப்படமாட்டாது. கொண்டுவராதவர்கள் அடுத்த செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கலாம்.