கரண்டு போவது தலைவிதியா?

(ஒரு பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இங்கு மின்சாரக் கம்பிகளைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று தெரிந்தவுடன் சில தோழர்கள் நம்மிடம் வந்து, "சுயமரியாதைக்காரர்களுக்கும் கரண்டுக் கம்பிக்கும் என்ன சம்பந்தம்? சாதியைப் பற்றியோ புராணப் புரட்டைப் பற்றியோ பேசக்கூடாதா?" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்கு நம்முடைய பதில் என்னவென்றால், மனிதன் தன் கஷ்டத்திற்குக் காரணம் என்ன என்று விசாரிக்காமல், "நம் தலையெழுத்து" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிற இடமெல்லாம் நமக்கு வேலை இருக்கிற இடம் என்பதேயாகும்.

வைசூரி வந்த காலத்தில் ஜனங்கள் மாரியாத்தாள் விளையாடுகிறாள் என்றார்கள், கூழ் ஊற்றினார்கள், வேப்பிலை கட்டினார்கள். அம்மை குத்தி அந்த வியாதியையே உலகத்தை விட்டு ஓட்டின பிறகு மாரியாத்தாள் விளையாட்டு எங்கே போயிற்று? அதுபோலவே இன்று கரண்டு போய்விட்டால், "போயிடுச்சு, வரும்போது வரும்" என்கிறோம். அது ஏன் போயிற்று, யார் போட்ட கணக்குத் தப்பிப் போயிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லவே இங்கு வந்திருக்கிறோம்.

தோழர்களே! மின்சாரத்தை நெல்லைப்போல் குதிரில் கொட்டி வைத்து வேண்டும்போது அள்ளிக்கொள்ள முடியாது. பாட்டரியில் கொஞ்சம் வைக்கலாம். கடம்பாறையில் செய்வதுபோல் தண்ணீரை மலைமேல் ஏற்றி வைத்து, வேண்டும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கலாம். ஆனால் மாகாணம் முழுவதும் செலவாகிறதற்கு முன்னால் இவையெல்லாம் சொற்பம். இந்த நிமிஷம் எவ்வளவு செலவோ அவ்வளவு இந்த நிமிஷமே உற்பத்தியாக வேண்டும். உற்பத்தியும் செலவும் சரியாயிருந்தால் மின்சாரத்தின் அதிர்வெண் வினாடிக்கு 50 என்று நிற்கும். செலவு மிஞ்சினால் அது இறங்கும். உற்பத்தி மிஞ்சினால் ஏறும். அளவுக்கு மீறி இறங்கினால் இயந்திரங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒவ்வொன்றாய் விலகிக்கொள்ளும். பிறகு எங்கும் இருட்டுத்தான்.

ஆகையால் பளுவைப் பங்கிட்டு அனுப்புகிற நிலையங்களில் ஒரு நாளைக் கால் மணி கால் மணியாக 96 பங்காகப் பிரித்து, நாளைக்கு எந்தப் பங்கில் எவ்வளவு வேண்டியிருக்கும், அது எங்கிருந்து வரும் என்று இன்றைக்கே கணக்குப் போட்டு வைக்கிறார்கள். அந்தக் கணக்கில் ராகு காலம் உண்டா? பஞ்சாங்கப்படி பார்த்தால் தினம் ஒன்றரை மணி நேரம், அதாவது 96-இல் 6 பங்கு, ஒரு நல்ல காரியமும் செய்யக் கூடாத வேளை. அந்த 6 பங்கிலும் டர்பைன் சுற்றுகிறது. பஞ்சாங்கம் எழுதுகிறவர் வீட்டு விளக்கும் எரிகிறது. அப்படியிருக்க, புதிய சப் ஸ்டேஷனுக்கு அஸ்திவாரம் போட மட்டும் நல்ல நேரம் பார்க்கிறதும், டிரான்ஸ்பார்மருக்குப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைக்கிறதும் எந்த அறிவில் சேர்ந்தது?

இனி, கம்பிகளால் ஊரையும் ஊரையும் இணைப்பது எதற்காக என்பதைப் பார்ப்போம். நம் நாட்டில் பைகாரா 1932-லும், மேட்டூர் 1937-லும், பாபநாசம் 1944-லும் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தன. மேட்டூரில் அணையடியில் கிடைக்கும் மின்சாரம் பாசனத்திற்குத் தண்ணீர் விடுகிறதைப் பொறுத்தது. வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுகிற அணை அது. மூடின பிறகு மில்காரனும் மோட்டார் வைத்த குடியானவனும் என்ன செய்வது? பைகாராவிலோ தண்ணீரை நீலகிரிமேல் தேக்கி வைத்து வேண்டியபோது விடலாம். இரண்டையும் கம்பியால் இணைத்துவிட்டால், மேட்டூர் ஓடும்போது பைகாராத் தண்ணீரை மிச்சம் பிடிக்கலாம். மேட்டூர் மூடியபோது அதை விடலாம். தனித்தனியாயிருந்தால் இரண்டும் அரைவயிறு. சேர்ந்தால் இரண்டுக்கும் முழு வயிறு. மின்தொகுப்பு, கிரிட் என்று சொல்லுவதெல்லாம் இவ்வளவுதான்.

அப்படியானால் எவ்வளவு கம்பி போட்டால் போதும்? இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். கம்பியில் அதிக மின்சாரம் ஓடினால் அது சூடேறும்; சூடேறினால் நீளும்; நீண்டால் தொய்ந்து மரத்தைத் தொடும். மேலும், அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் அதே சக்தியைப் பாதி ஓட்டத்தில் அனுப்பலாம். சூடாய் வீணாவது நாலில் ஒரு பங்காய்க் குறையும். ஆகவேதான் தூரத்துக் கம்பிகளுக்கு லட்சக்கணக்கான வோல்ட் அழுத்தம் வைக்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒவ்வொன்றும் 1000 மெகாவாட் தாங்கக்கூடிய இரண்டு கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன என்று வைத்துக் கொள்ளுங்கள். எவ்வளவு அனுப்பலாம்? 2000 என்பீர்கள். அதுதான் தப்பு. ஒன்று அறுந்தால் அதன் பளு முழுவதும் அந்தக் கணமே மற்றதன் தலையில் விழும். வாய்க்கால் தண்ணீரைப்போல் மடை கட்டி நிறுத்த அங்கே அவகாசம் இல்லை. ஆதலால் எந்த ஒன்று போனாலும் மீதியுள்ளவை தாங்கும்படியாகவே திட்டம் போட வேண்டும். இரண்டு இருந்தாலும் 1000-க்குத்தான் நம்பலாம்.

இந்தக் கணக்கை மறந்தால் என்ன ஆகும் என்பது 2012-ம் வருஷம் ஜூலை மாதத்தில் தெரிந்தது. மத்தியப் பிரதேசத்தில் பினாவுக்கும் குவாலியருக்கும் மத்தியில் ஓடும் 4 லட்சம் வோல்ட் கம்பிகள் இரண்டில் ஒன்று வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. வட மாகாணங்கள் தங்கள் பங்குக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தன. 30-ந் தேதி இரவு இரண்டரை மணி சுமாருக்கு, மீதியிருந்த கம்பியின் காப்புக் கருவி, பளு மிஞ்சினதைக் கோளாறென்று எண்ணிக் கம்பியைத் துண்டித்துவிட்டது. வட இந்தியா முழுதும் இருண்டது. மறுநாள் பகல் ஒரு மணிக்கு அதே கம்பி மறுபடியும் போயிற்று. இந்தத் தடவை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று தொகுப்புகளும் விழுந்து, சுமார் 62 கோடி ஜனங்கள் இருக்கும் பிரதேசம் இருட்டாயிற்று. ரயில்கள் நடுவழியில் நின்றன. இதைக் கிரகக் கோளாறு என்று சொல்லி ஒரு சாந்தி செய்திருந்தால் மூன்றாம் நாளும் விழுந்திருக்கும். காரணத்தைத் தேடினார்கள், கண்டார்கள்.

அன்றைக்குத் தென்னாடு தப்பிற்று. ஏனென்றால் அப்பொழுது நம் தொகுப்பு வடக்கோடு ஒரே அதிர்வில் சேர்ந்திருக்கவில்லை. "பார்த்தீர்களா, தனித்திருந்ததால் பிழைத்தோம்" என்று சொல்லத் தோன்றும். ஆனால் தனித்திருந்த நம்முடைய யோக்கியதை என்ன என்பதையும் பார்க்க வேண்டாமா? 2008-ம் வருஷத்திலிருந்து ஐந்தாறு வருஷ காலம் தமிழ்நாட்டில் மின்சாரப் பஞ்சம். உற்பத்தி போதவில்லை என்பது உண்மை. ஆனால் வடக்கே விலைக்குக் கிடைத்த மின்சாரமும் நமக்கு வந்து சேரவில்லை. கொண்டுவரப் போதிய கம்பி இல்லை. அதைவிட வேடிக்கை, ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் ஆடிக் காற்று அடிக்கும்போது, வாங்கிச் செல்லக் கம்பி போதாமல் காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன நாட்களும் உண்டு. ஒரு பக்கம் விளக்கில்லை. மறுபக்கம் ஓடுகிற ஆலையை நிறுத்து! களத்தில் நெல் கிடந்து வீணாக, வண்டியில்லாமல் வீட்டில் பட்டினி கிடந்த கதைதான் இது.

அந்தப் பஞ்சத்தை எல்லோரும் சமமாகப் பங்கிட்டுக் கொண்டார்களா? தலைநகரத்துக்கு 2 மணி நேரம் நிறுத்தம். மற்ற ஜில்லாக்களுக்கு அதைப்போல் பல மடங்கு. தறிக்காரன் தறியை நிறுத்தினான். குடியானவன் நடுநிசியில் வரும் கரண்டுக்காக வயலில் விழித்துக் கிடந்தான். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை சிம்னி விளக்கைத் தேடிற்று. இதைத் தலைவிதி என்பதா? பத்து வருஷத்துக்கு முன்னே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போடாத குற்றம் என்பதா?

பிறகு காரியம் நடந்தது. 2013-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி ராய்ச்சூர்–சோலாப்பூர்க் கம்பியின் மூலம் தென்னாட்டுத் தொகுப்பு மற்றவற்றோடு ஒரே அதிர்வில் இணைந்தது. சத்தீஸ்கரில் உள்ள ராய்கரிலிருந்து கரூர்ப் பக்கத்துப் புகளூர் வரை 1700 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, 6000 மெகாவாட் கொண்டுவரக்கூடிய 8 லட்சம் வோல்ட் கம்பி 2021-ல் திறந்து வைக்கப்பட்டது. 2024 மே 2-ந் தேதி தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டாகி, அதுவரையில் இல்லாத உச்சத்துக்குப் போயிற்று, அதையும் சமாளித்தார்கள்.

ஆனால் ஆபத்து நீங்கிவிடவில்லை, தோழர்களே! ஒரு காற்றாலையையோ சூரிய மின்நிலையத்தையோ ஒன்றிரண்டு வருஷத்தில் நிறுத்திவிடலாம். பெரிய கம்பி போட நாலைந்து வருஷமாகும். ஆகையால் ஆலை வந்த பிறகு கம்பியைப் பற்றி யோசிப்பது, குழந்தை பிறந்த பிறகு மருத்துவச்சியைத் தேடுவதாகும். கோடையில் தேவை ஏறுகிறது. காற்று அதற்குப் பிறகு வருகிறது. சூரியன் மாலையில் விளக்கேற்றும் நேரத்துக்கு மறைந்துவிடுகிறது. இவற்றையெல்லாம் முன்கூட்டி எண்ணிக் கம்பியும் சேமிப்பும் ஏற்படுத்த வேண்டும்.

அந்தக் கம்பி ஆகாயத்திலா நிற்கிறது? குடியானவன் காட்டில் நிற்கிறது. அவன் சம்மதமில்லாமலே கோபுரம் நாட்ட, வெள்ளைக்காரன் 1885-ல் செய்த தந்திச் சட்டத்தின் அதிகாரத்தைச் சுதந்திர நாட்டிலும் உபயோகித்தார்கள். கொங்கு நாட்டு விவசாயிகள் 2018-ல் போராடியது இதற்காகத்தான். அவர்கள் விளக்கே வேண்டாம் என்றவர்களல்லர். பத்துப் பேர் வெளிச்சத்துக்கு ஒருவன் காட்டை அடிமாட்டு விலைக்கு எடுக்காதே என்றவர்கள். 2024 ஜூனில் மத்திய சர்க்கார் வெளியிட்ட நெறிமுறையில், கோபுரம் நிற்கிற இடத்துக்கு நில மதிப்பில் இரண்டு மடங்கும், கம்பிக்குக் கீழுள்ள பாதைக்கு 30 சதவீதமும் தரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்காமலிருந்தால் இது வந்திருக்குமா?

இன்னும் ஒன்று. தொகுப்பில் கலந்துவிட்ட பிறகு இது பைகாரா மின்சாரம், இது கூடங்குளத்து மின்சாரம் என்று எந்த சாஸ்திரியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. மின்சாரத்துக்குச் சாதியில்லை. ஆனால் கம்பி போடுகிற மனிதனுக்குச் சாதி இருந்தது. ஊருக்கு விளக்கு வந்து பல வருஷம் கழித்தே சேரிக்கு விளக்கு வந்த கிராமங்கள் எத்தனை! ஆகவே கம்பி எங்கே போகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை இன்ஜினீயர் மட்டும் பார்த்தால் போதாது. நாமும் பார்க்க வேண்டும்.

சட்டப்படி மத்திய மின்சார அதிகார சபை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தேசத்து மின்சாரத் திட்டம் போட வேண்டும். உங்கள் ஜில்லாவின் தேவை அதில் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது? உங்கள் சப் ஸ்டேஷனில் ஒரு டிரான்ஸ்பார்மர் போனால் மற்றொன்று தாங்குமா? கம்பி போகிற காட்டுக்காரனுக்கு என்ன கொடுத்தார்கள்? ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். "இலவசமாய்த் தருவேன்" என்கிறவனையும், "எதனால் தருவாய்? எந்தக் கம்பியால் தருவாய்?" என்று கேளுங்கள்.

அடுத்த தடவை கரண்டு போனால் விதியை நினைக்காதீர்கள். கணக்கைக் கேளுங்கள். இதுவே பகுத்தறிவு, இதுவே சுயமரியாதை.